நடு இருக்கையும் ஓர இருக்கையும்

6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு ஹால். குறுகிய சுவர் ஒன்றில் திரை. அதற்கு எதிரே, அகலவாக்கில் சரியாக நடுவில், மூன்று பேர் உட்காரும் சோபா. திரைக்குப் பக்கத்து மூலையில் ஒரு சப்வூஃபர். படத்தில் லாரி ஒன்று உறுமிக்கொண்டு கிளம்புகிறது. சோபாவின் இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்களுக்கு அந்த உறுமல் வயிற்றில் வந்து முட்டுகிறது. நடுவில் இருப்பவருக்கு அதில் ஒரு துண்டு விழுந்தே போகிறது. மூவரும் பார்ப்பது ஒரே படம். கேட்பது வெவ்வேறு படம். வீட்டில் ஹோம் தியேட்டர் அமைப்பவர்களின் பேச்சு பெரும்பாலும் டிரைவர் எத்தனை இன்ச், ஆம்ப் எத்தனை வாட், ஒலி எத்தனை ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கும் என்பதையே சுற்றி வருகிறது. இருக்கைக்கு இருக்கை மாறும் இந்த வேறுபாடு அந்தப் பேச்சில் கடைசியாகத்தான் வரும், வந்தால். அதை முதலில் வைக்க வேண்டும் என்பது என் வாதம். பல சப்வூஃபர்களை அளந்து பொருத்தித் தரும் மென்பொருள்கள் இப்போது சாதாரணமாகக் கிடைக்கின்றன. அவற்றை இருக்கைகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் குறைப்பதற்கு முதலில் பயன்படுத்த வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இது நியாய உணர்வால் மட்டும் சொல்வதல்ல. ஒலியின் இயற்பியலே இந்த வரிசையைத்தான் கேட்கிறது.

முதலில் நடு இருக்கைக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் ஓடுகிறது. 43 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டர். நம் ஹாலின் அகலம் அதில் சரிபாதி. எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நிலை அலையாகின்றன. அண்டாவில் பாதித் தண்ணீர் ஊற்றி இரு காதையும் பிடித்து மெல்ல ஆட்டினால், தண்ணீர் இரண்டு ஓரத்திலும் மாறிமாறி ஏறி இறங்கும். நடுவில் மட்டம் அசையாமல் நிற்கும். காற்றழுத்தமும் அப்படித்தான். 43 ஹெர்ட்ஸில் இரு பக்கச் சுவர்களிலும் அழுத்தம் உச்சம், நடுக்கோட்டில் சுழி, அதாவது கணு. நடு இருக்கை அந்தக் கணுவின் மேல் இருக்கிறது. 70 சென்டிமீட்டர் தள்ளி உட்காரும் இருவருக்கும் சுவரோர அழுத்தத்தில் பாதி கிடைக்கிறது. இதே கணக்கு நீளவாக்கில் 28.6, 57.2, 85.8 ஹெர்ட்ஸிலும், உயரவாக்கில் 57.2 ஹெர்ட்ஸிலும் நடக்கிறது. நீளத்தின் இரண்டாம் அதிர்வும் உயரத்தின் முதல் அதிர்வும் ஒரே எண்ணில் வந்து விழுவதைக் கவனிக்கலாம். 6, 4, 3 என்ற அளவுகள் கட்டடக்காரருக்கு எளிது. ஒலிக்கு அவை மோசமான சேர்க்கை. அதிர்வெண் ஏற ஏற இந்த அதிர்வுகள் நெருங்கி, ஒன்றோடொன்று கலந்து, தனித்தனியாக அடையாளம் தெரியாமல் கரைந்துவிடும். எந்த அதிர்வெண்ணுக்கு மேல் அப்படிக் கரையும் என்பதைக் கணக்கிட மான்ஃபிரட் ஷ்ரோடரின் பெயரால் வழங்கும் சூத்திரம் ஒன்று உண்டு. எதிரொலி அடங்க அரை நொடி எடுக்கும் நம் 72 கன மீட்டர் ஹாலுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 170 ஹெர்ட்ஸ். சப்வூஃபரின் வேலை முழுவதும் அந்த எல்லைக்குக் கீழேதான். அங்கே ஸ்பீக்கரைவிட அறையின் கைதான் ஓங்கியிருக்கிறது.

நம் ஊர் வீடுகளில் இந்தக் கை இன்னும் கனமானது. இத்துறையின் ஆய்வுகளில் பல வட அமெரிக்காவில் நடந்தவை. அங்கே வீட்டுச் சுவர் என்பது பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலி வந்து மோதும்போது அது தானும் சற்று அதிர்ந்து ஆற்றலில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை என்று கட்டப்பட்ட ஹால் அப்படி எதையும் விழுங்காது; வந்ததைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பி அனுப்பும். உச்சங்கள் கூர்மையாகும், பள்ளங்கள் ஆழமாகும், அதிர்வு அடங்க நேரம் பிடிக்கும். 3 ஹெர்ட்ஸ் அகலமே உள்ள ஓர் ஒத்ததிர்வு 60 டெசிபெல் தணிய 0.7 நொடிக்கு மேல் ஆகும். 43 ஹெர்ட்ஸில் அது 30 சுற்றுக்கும் அதிகம். டிரம்மில் விழுந்த ஓர் அடி முடிந்து, அடுத்த அடி விழும்போதும் பழைய அடியின் மிச்சம் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 'பேஸ் குழைகிறது', 'கும்மென்று இருக்கிறது' என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இருக்கைக்கு இருக்கை மாறும் வேறுபாட்டைக் காதும் சும்மா விடுவதில்லை. 1000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 2 டெசிபெல்லிலேயே நமக்கு ஒலி கேட்கத் தொடங்குகிறது. 20 ஹெர்ட்ஸில் அதற்கு 78 டெசிபெல் தேவை. ஆனால் கேட்கத் தொடங்கிய பிறகு உரப்பு மிக வேகமாக ஏறுகிறது. 1000 ஹெர்ட்ஸில் 80 டெசிபெல் ஒலி எவ்வளவு உரக்கக் கேட்குமோ அவ்வளவு உரப்பை 20 ஹெர்ட்ஸில் 119 டெசிபெல் அளவிலேயே அடைந்துவிடலாம் என்கின்றன ஐஎஸ்ஓ 226 தரத்தின் சம உரப்புக் கோடுகள். அங்கே 80 டெசிபெல் விரிந்து கிடக்கும் அனுபவம் இங்கே 40 டெசிபெல்லுக்குள் நெருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மிகத் தாழ்ந்த ஒலியில் 5 டெசிபெல் வேறுபாடு, நடுத்தர ஒலியில் 10 டெசிபெல் வேறுபாடு போலப் படும். 40 ஹெர்ட்ஸில் இந்த நெருக்கம் சற்றுத் தளரும், மறையாது. அறை செய்யும் மேடுபள்ளங்களோ 10, 15 டெசிபெல் அளவுக்குச் சாதாரணமாகப் போகின்றன. ஸ்பீக்கர்களைப் பற்றிய கேட்போரின் விருப்பத்தை முன்கணிக்க ஷான் ஆலிவ் 2004இல் வெளியிட்ட மாதிரியில், பேஸ் எவ்வளவு தாழ்வு வரை போகிறது என்ற ஒரே காரணிக்கு ஏறத்தாழ 30 சதவீத எடை வருகிறது. கேட்பவரின் மதிப்பீட்டில் இவ்வளவு பங்கு வகிக்கும் பகுதியில்தான் இருக்கைக்கு இருக்கை இத்தனை வேறுபாடு.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து ஈக்வலைசர். ரிசீவருடன் வரும் மைக்கை வைத்து அளந்து, உச்சத்தை வெட்டி, பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பி, கோட்டைச் சமமாக்குவது. ஒரே சப் இருக்கும்போது இது எதைச் செய்ய முடியாது என்பதைக் காட்ட ஒரு கழித்தல் கணக்குப் போதும். 43 ஹெர்ட்ஸில் ஓர இருக்கையில் 84 டெசிபெல், நடு இருக்கையில் 70 என்று வைத்துக்கொள்வோம். ஈக்வலைசர் 6 டெசிபெல் வெட்டினால் 78, 64. கூட்டினால் 90, 76. எந்த அளவில் திருகினாலும் இடையில் உள்ள 14 அப்படியே இருக்கும். சப்புக்குள் போகும் சமிக்ஞையைத்தான் ஈக்வலைசர் மாற்றுகிறது. சப்பிலிருந்து இரண்டு இருக்கைகளுக்கும் போகும் வழிகளை அது தொடுவதே இல்லை. நடு இருக்கைக்காகப் பள்ளத்தை 10 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப் பத்து மடங்கு ஆற்றல் தர வேண்டும், ஓர இருக்கைக்காரர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். விலை உயர்ந்த ஈக்வலைசரானாலும், கணக்கு எத்தனை நுட்பமானதானாலும், ஒற்றை ஊற்றின் இந்த எல்லையைத் தாண்டாது.

தாண்ட வேண்டுமானால் ஊற்றுகள் கூட வேண்டும். இதை முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி. எத்தனை சப்வூஃபர் போதும் என்ற கேள்வியையே தலைப்பாக்கி, 2002இல் மியூனிக்கில் கூடிய ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி மாநாட்டில் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை முன்வைத்தார். செவ்வக அறைகளைக் கணினியில் உருவாக்கி, சப்களை விதவிதமான எண்ணிக்கையில், விதவிதமான இடங்களில் வைத்துப் பார்த்தார். நான்கு சுவர்களின் நடுவில் நான்கு சப் வைத்தால் இருக்கை வேறுபாடு மிகக் குறைகிறது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலும் பலன் வெகுவாக உண்டு. நான்குக்கு மேல் போவதால் பெரிய ஆதாயம் இல்லை. இவைதான் அவர் கண்ட முடிவுகளின் சாரம். ஏன் அப்படி என்பதை நம் ஹாலிலேயே சரிபார்க்கலாம். நீளவாக்கின் முதல் அதிர்வில் முன்சுவரில் அழுத்தம் கூட்டலாக இருக்கும்போது பின்சுவரில் கழித்தல். இரண்டு சுவரிலும் ஒரே சமிக்ஞையோடு சப் இருந்தால் ஒன்று தூண்டுவதை மற்றது அணைக்கிறது. பக்கச் சுவர்களின் நடுவில் உள்ள சப்கள் அதே அதிர்வின் கணுவில் நிற்பதால் அதைத் தூண்டவே முடியாது. இரண்டாம் அதிர்வில் முன், பின் சுவர்கள் இரண்டுமே கூட்டல், நீளத்தின் நடுப்பகுதி கழித்தல். முன், பின் சப்கள் இரண்டும் கொடுப்பதைப் பக்கச் சப்கள் இரண்டும் கழித்துவிடுகின்றன. அகலவாக்கிலும் இதே கதைதான். நான்கு பெட்டிகள் நான்கு மடங்கு இரைச்சல் போடும் என்று நினைப்போம். உண்மையில் அவை அறையின் ஒத்ததிர்வுகளை ஒன்றுக்கொன்று எழவிடாமல் அடக்குகின்றன. அதற்கு விலையும் உண்டு. ஒத்ததிர்வு இலவசமாகத் தந்துகொண்டிருந்த உரப்பு போய்விடுகிறது. மூலைகளில் வைத்தால் அதிக உரப்பு கிடைக்கும். சுவர் நடுவில் வைத்தால் அதிகச் சமநிலை.

ஆனால் வெல்ட்டியின் செவ்வகம் தாளில்தான் இருக்கிறது. நம் ஹாலின் ஒரு மூலை சாப்பாட்டு அறையை நோக்கித் திறந்திருக்கும், ஒரு பக்கம் மாடிப்படி ஏறும், வலது சுவரின் நடுவில் வாசற்கதவு வரும். அங்கே சப் வைக்க முடியாது. வைத்தாலும் சமச்சீர் இல்லாத அறையில் கூட்டலும் கழித்தலும் ஒழுங்காக அடிபடாது. இதற்கு வெல்ட்டியும் ஆலன் டெவாண்டியரும் 2006இல் எழுதிய கட்டுரையில் விடை சொன்னார்கள். சப்கள் எங்கே இருக்க முடியுமோ அங்கே இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கெய்ன், டிலே, ஃபில்டர் கொடுத்து, இருக்கைகளுக்கு இடையிலான வேறுபாடு குறையும் சேர்க்கையைக் கணினி தேடட்டும். அதே காலத்தில் ஏர்ல் கெடஸ் வேறு வழியில் வந்துகொண்டிருந்தார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சப்களைச் சமச்சீரே இல்லாமல் சிதறலாக வைத்தால், ஒவ்வொன்றும் அறையை ஒவ்வொரு விதமாகத் தூண்டி, மொத்தத்தில் ஏற்ற இறக்கம் சராசரியாகிவிடும் என்பது அவர் நிலைப்பாடு. இரு தரப்பின் வழிகளும் எதிரெதிராகத் தெரியலாம். மென்பொருள் வந்த பிறகு அந்த எதிர்ப்புக்கு அவ்வளவு வேலையில்லை. கணினிக்கு வேண்டியது ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்ட ஊற்றுகள். அவை அழகான வரிசையில் இருந்தாலும் சரி, வீட்டு வசதிப்படி சிதறியிருந்தாலும் சரி.

மென்பொருள் செய்யும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதன் தொடக்கம்தான். ஒரு சப்பை மட்டும் ஒலிக்கவிட்டு, மற்றவற்றை அணைத்து, தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து மேலே ஏறும் ஒரு சோதனை ஒலியை ஓடவிடுவார்கள். மைக்கை ஒவ்வோர் இருக்கையிலும் காது இருக்கும் உயரத்தில் வைத்துப் பதிவு செய்வார்கள். பிறகு அடுத்த சப். நான்கு சப், மூன்று இருக்கை என்றால் பன்னிரண்டு அளவீடு. இதில் ஒரு நிபந்தனை உண்டு. எல்லா அளவீடும் ஒரே நேரக் குறிப்பிலிருந்து எண்ணப்பட வேண்டும். இல்லையேல் எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்ற தகவல் அழிந்து, மிச்சம் இருப்பது உரப்பு மட்டும்தான். ஆர்இடபிள்யூ என்று அழைக்கப்படும் இலவச அளவீட்டு மென்பொருளில் இதற்கான வசதி இருக்கிறது. இந்தப் பன்னிரண்டு அளவீட்டுக்குப் பிறகு அறை தேவையில்லை. மேற்பொருந்துதல் விதிப்படி, சப்கள் திணறாத வரை, நான்கும் சேர்ந்து ஒலிக்கும்போது ஓர் இருக்கையில் என்ன கேட்கும் என்பது நான்கு தனி அளவீடுகளின் கூட்டல்தான், அலையின் கட்டத்தையும் (ஃபேஸ்) சேர்த்துக் கூட்டினால். ஒரு சப்பை 5 மில்லிநொடி தாமதித்தால் என்ன ஆகும் என்று அறிய யாரும் எழுந்து போய்த் திருக வேண்டாம், ஒலிக்கவிட வேண்டாம். எண்களைத் திருப்பிக் கூட்டினால் போதும். மல்டி சப் ஆப்டிமைசர் என்ற இலவச மென்பொருள் இதே கூட்டலை இடைவிடாமல் செய்து, ஒவ்வொரு முறையும் சற்று மேலான சேர்க்கையை நோக்கி நகர்கிறது. கிடைத்த எண்களை நான்கு வெளியீடு உள்ள ஒரு சிறிய டிஎஸ்பி பெட்டியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. டிராக் நிறுவனத்தின் பேஸ் கண்ட்ரோல் போன்றவை அளப்பது, கணிப்பது, ஏற்றுவது எல்லாவற்றையும் ரிசீவரோடு சேர்த்தே செய்கின்றன.

'இதற்குக் கணினி எதற்கு? பொறுமையும் நல்ல காதும் இருந்தால் போதாதா?' என்பது பழைய கைகள் கேட்கும் கேள்வி. அவர்கள் கையில் மதிப்பான ஒரு தந்திரமும் இருக்கிறது. சப்பைச் சோபாவில் தூக்கி வைத்து ஒலிக்கவிட்டு, அறையின் ஓரமாகத் தவழ்ந்து, பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வைப்பது. ஊற்றும் கேட்பவரும் இடம் மாறினாலும் இடைப்பட்ட வழி மாறாது என்ற மெய்யான விதியில் நிற்கும் தந்திரம் அது. ஒரு சப், ஓர் இருக்கை என்றால் இன்றும் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். சப் நான்கானால் கணக்கு கைமீறுகிறது. ஒரு சப்பை அடிப்படையாக வைத்து, மற்ற மூன்றுக்கும் கெய்னை 12 டெசிபெல் வரம்புக்குள் அரை அரை டெசிபெல்லாகவும், டிலேயை 20 மில்லிநொடிக்குள் அரை அரை மில்லிநொடியாகவும் மாற்றி, போலாரிட்டியையும் இரண்டு பக்கமும் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் 2,050 நிலை. மூன்றுக்கும் சேர்த்து 860 கோடிக்கு மேல். நிமிடத்துக்கு ஒன்றைக் கேட்டாலும் 16,000 ஆண்டு ஆகும். ஃபில்டர்களை இன்னும் கணக்கிலேயே எடுக்கவில்லை. மேலும் காது ஒரு நேரத்தில் ஓர் இருக்கையில்தான் இருக்கும். எழுந்து அடுத்த இருக்கைக்குப் போய் உட்காருவதற்குள் முந்தைய இருக்கையின் 43 ஹெர்ட்ஸ் எப்படி இருந்தது என்று நினைவிலிருந்து ஒப்பிட வேண்டும். காதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பேஸ் எவ்வளவு வேண்டும், படம் எந்த உரப்பில் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. இருக்கைகளை ஒப்பிடும் வேலைக்கு மட்டும் அது பொருந்தாது.

இங்கேதான் கட்டுரையின் மையமான கேள்வி வருகிறது. கணினிக்கு நல்ல பேஸ் என்றால் என்னவென்று தெரியாது. நாம் கொடுக்கும் ஓர் எண்ணைக் குறைக்க மட்டுமே அதற்குத் தெரியும். அந்த எண்ணுக்குள் எதை வைக்கிறோம் என்பதே முழுத் தீர்மானமும். பலர் வைப்பது, முதன்மை இருக்கையில் வரும் கோடு விரும்பிய வளைவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை. கணினியும் கீழ்ப்படிந்து அந்த ஓர் இருக்கையில் அச்சடித்தாற்போன்ற கோட்டைத் தரும். பக்கத்து இருக்கைகள் என்ன ஆகின்றன என்பது அந்த எண்ணில் இல்லாததால் அதற்கு அக்கறையும் இல்லை. முன்பு பார்த்த கழித்தல் கணக்கை இங்கே மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். கோட்டின் வடிவத்தைப் பொது ஈக்வலைசர் ஒன்று பிறகு எப்போது வேண்டுமானாலும் திருத்திவிடும். இருக்கைகளுக்கு இடையிலான வேறுபாட்டை அது எக்காலத்திலும் திருத்தாது. சப்களின் இடம் முடிவான பிறகு அதைத் தொட வல்லவை அவற்றின் தனித்தனி கெய்ன், டிலே, ஃபில்டர்கள் மட்டுமே. அப்படியிருக்க, வேறு எதனாலும் ஆகாத வேலைக்கு இருக்க வேண்டிய அந்தத் தனிக் கட்டுப்பாடுகளை, பொது ஈக்வலைசராலேயே ஆகக்கூடிய வேலையில் செலவழித்துவிடுகிறோம். முதலில் தனிக் கட்டுப்பாடுகளைக் கொண்டு எல்லா இருக்கையின் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று படியவைக்க வேண்டும். அவை சேர்ந்து மேடுபள்ளமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒன்றாக மேடாக இருப்பதை ஒரே ஈக்வலைசர் எல்லோருக்கும் ஒன்றாக வெட்டிவிடும். ஒத்ததிர்வு உச்சத்தைச் சரியான அகலத்தில் வெட்டும்போது அதன் இழுவையும் கூடவே குறைகிறது. சமமாக்குதல் முன்னே, வடிவமைத்தல் பின்னே. மல்டி சப் ஆப்டிமைசர் தனி ஃபில்டர், பொது ஃபில்டர் என்று இரண்டு வகையையும் பிரித்தே வைத்திருக்கிறது. இந்த வரிசையில் வேலை செய்ய அதில் தடையேதும் இல்லை.

தனியாகப் படம் பார்க்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஒரே தலை, ஒரே இடம். தாழ்ந்த ஒலியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் தலையசைவு ஒன்றுமே இல்லை. அவருக்கு நல்ல இடத்தில் வைத்த ஒரு சப்பும் ஒரு ஈக்வலைசரும் பெரும்பாலும் போதும் என்று ஒப்புக்கொள்கிறேன். 'பெரும்பாலும்' என்பதற்குக் காரணம் பள்ளங்கள். கணுவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒற்றை மனிதருக்கும் ஈக்வலைசரால் அதை நிரப்ப முடியாது. வேறொரு மூலையிலிருந்து வரும் இரண்டாவது சப்பால் முடியும். ஆனால் ஹோம் தியேட்டர் வாங்கும் வீடுகளில் எத்தனை வீட்டில் ஒருவர் மட்டும் படம் பார்க்கிறார்? செலவு செய்தவர் நடு இருக்கையில் உட்காருவதும், பெற்றோரும் பிள்ளைகளும் ஓரங்களிலும் தரையிலுமாக உட்காருவதும்தான் வழக்கம். 'எனக்கு நன்றாகக் கேட்கிறது, அவர்கள் இதையெல்லாம் கவனிக்கப்போவதில்லை' என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஓரத்தில் இருப்பவர் 43 ஹெர்ட்ஸ் என்று பெயர் சொல்லமாட்டார். 'சத்தம் ரொம்ப இருக்கு, குறை' என்பார். அவர் சொல்வது அளவீட்டின்படி முற்றிலும் சரி. அவர் இருக்கையில் அது 14 டெசிபெல் அதிகம். வேறுபாடு குறைந்துவிட்ட ஹாலில் இந்தச் சண்டைக்குப் பாதிக் காரணம் போய்விடும், எல்லோருக்கும் பொருந்தும் ஓர் உரப்பு கிடைக்கும். மென்பொருளில் ஒவ்வோர் இருக்கைக்கும் எடை கொடுக்கும் வசதி இருக்கிறது. நடு இருக்கைக்குச் சற்று அதிக எடை கொடுப்பதில் தவறில்லை. மற்றவற்றுக்குச் சுழி கொடுப்பதை நியாயப்படுத்துவதுதான் கடினம்.

அறையையே திருத்தலாமே என்பார்கள் ஒலியியல் தெரிந்தவர்கள். சுவரில் ஒட்டும் நுரைப்பஞ்சுப் பலகை தாழ்ந்த ஒலியை அசைக்காது. நுண்துளைப் பொருள் ஒன்று 43 ஹெர்ட்ஸை நன்றாக உறிஞ்ச, அலைநீளத்தில் கால்பங்கு, அதாவது 2 மீட்டர் ஆழம் கேட்கும். 4 மீட்டர் அகல ஹாலில் அதற்கு இடமேது? குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கென்று செய்யும் அதிர்பலகை உறிஞ்சிகள் சிறியவைதான். ஆனால் ஒவ்வொன்றையும் அந்த அறைக்கென்றே கணக்கிட்டுச் செய்ய வேண்டும். செய்ய முடிந்தவர்கள் செய்யட்டும், அதனால் மென்பொருளின் வேலையும் எளிதாகும். பேச்சின் தெளிவுக்கும் எதிரொலிக்கும் திரைச்சீலை, கம்பளம், புத்தக அலமாரி எல்லாம் உதவும். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே, கான்கிரீட் பெட்டி ஒன்றில், சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் வழி கூடுதல் ஊற்றுகள்தான். ஒரு பெரிய சப்புக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு நடுத்தர சப் வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொரு மறுப்பு கலையின் பக்கமிருந்து வருவது. இப்படி டிலேயும் ஃபில்டரும் போட்டுத் திரிப்பது இயக்குநரும் ஒலிக்கலைஞரும் செய்து வைத்ததைக் கெடுப்பதாகாதா? அந்தக் கலைஞர்கள் வேலை செய்யும் இடத்தைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். படத்தின் ஒலி கலக்கப்படும் அரங்குகள் அளந்து சீர்செய்யப்பட்டவை. தாழ் ஒலிக்கென்று தனியாக இருக்கும் எல்எஃப்இ தடம் மற்றத் தடங்களைவிட 10 டெசிபெல் கூடுதலாக ஒலிக்க வேண்டும் என்பது வரை வரையறை உண்டு. அந்த அரங்கில் 43 ஹெர்ட்ஸ் 14 டெசிபெல் எகிறியிருந்தால் அவர்கள் அப்படிக் கலந்திருக்கமாட்டார்கள். திரிபு ஏற்கனவே நம் ஹாலில் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் செய்வது சுவர்கள்.

நான் மிகவும் மதிக்கும் மறுப்பு கடைசியில் வருவது. கணினி அறையைச் சரிசெய்வதில்லை, மைக் நின்ற மூன்று புள்ளிகளைத்தான் சரிசெய்கிறது என்பது அது. கணக்கின்படி, ஓர் அதிர்வெண்ணில், மூன்று இருக்கைகளில் விரும்பிய ஒலியைத் துல்லியமாக வரவழைக்க மூன்று தனி ஊற்றுகள் போதும். ஆனால் அதற்கு அவை ஒன்றையொன்று மூர்க்கமாக எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கலாம்: ஒன்று முழுமூச்சாக ஊத, இன்னொன்று அதை அணைக்கவே ஊத, மிஞ்சிய சிறு வித்தியாசம் மட்டும் சோபாவுக்கு வரும். ஆம்ப் திணறும். கதவைத் திறந்தாலோ, சோபாவை ஓரடி நகர்த்தினாலோ அந்த நுட்பமான அணைப்பு கலைந்துவிடும். புள்ளிகளுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. இந்த அபாயம் உண்மை. மென்பொருளின் படத்தில் கோடுகள் அழகாகப் படிந்திருப்பதை மட்டும் பார்த்து மகிழ்கிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பரிகாரம் கணினியைக் கைவிடுவதில் இல்லை, அதன் கையைக் கட்டுவதில் இருக்கிறது. எந்தச் சப்பையும் 6 டெசிபெல்லுக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ கூடாது, ஃபில்டர்கள் வெட்டலாம், ஏற்றக்கூடாது, அவை ஊசி போல் குறுகியிருக்கக் கூடாது, டிலே இன்ன எல்லைக்குள் என்று முன்கூட்டியே வரம்பு வைக்கலாம். வரம்பு வைத்தால் படத்தில் கோடுகள் கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகு நல்லது. சப்கள் முன் ஸ்பீக்கர்களோடு சேரும் 80 ஹெர்ட்ஸ் பகுதியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சப்களைத் தமக்குள் கச்சிதமாகப் பொருத்திவிட்டு, சென்டர் ஸ்பீக்கரோடு அவை முட்டிக்கொள்வதைப் பார்க்காமல் விடுவது பரவலான குறை.

வரம்பு போதுமா என்று சோதிக்கவும் வழி இருக்கிறது. அளக்கும்போதே மூன்று இருக்கைக்கு மேல் இன்னும் இரண்டு இடங்களை அளந்து, அவற்றைக் கணினிக்குக் கொடுக்காமல் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். நடு இருக்கைக்கும் வலது இருக்கைக்கும் இடைப்பட்ட புள்ளி ஒன்று, பிள்ளைகள் சாய்ந்து உட்காரும் தரைப்பகுதி ஒன்று. எண்களை டிஎஸ்பியில் ஏற்றிய பிறகு நான்கு சப்பையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, அந்த இரண்டு இடங்களிலும் மறுபடி அளக்க வேண்டும். 30 ஹெர்ட்ஸிலிருந்து 80 வரை அங்கேயும் கோடு சோபாவின் கோட்டை 3, 4 டெசிபெல்லுக்குள் தொடர்ந்து வந்தால், கணினி அறையின் போக்கைப் பிடித்திருக்கிறது. எங்காவது 10 டெசிபெல் பிரிந்து போனால், ஒரு ஃபில்டரை எடுத்துவிட்டு, டிலே வரம்பை இன்னும் இறுக்கி, அந்தத் தரைப்பகுதியையும் ஓர் இருக்கையாகச் சேர்த்துக்கொண்டு திரும்ப ஓட்ட வேண்டும். கதவைத் திறந்து வைத்து ஒருமுறை, மூடி வைத்து ஒருமுறை.